கேள்வி – பதில்: பெயரைச் சொல்ல மறுத்தவரைச் சிறைக்கு அனுப்பலாமா?

சென்ற இதழில் வாசகர் ஒருவரின் கேள்விக்கு விடையாக, ரகசியமாகத் தகவல் தந்தவரின் பெயரை நீதிமன்றத்தில் வெளியிட மறுக்கும் செய்தியாளரைச் சிறையில் அடைப்பது தவறு என்று நான்கு வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்களில் பாதிக்கும் மேற்பட்டவை மறுப்புக் கடிதங்கள். அவற்றில் பல நன்கு சிந்தித்து எழுதப்பட்டவை என்பதால், இம்முறை பகுதி முழுவதையும் இந்த ஒரே பொருளுக்கு ஒதுக்கியிருக்கிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயர்களையும் ஊர்களையும் தவிர்த்திருப்பதன் காரணத்தை வாசகர்கள் புரிந்துகொள்வார்கள்.

கேள்வி: தனக்குத் தெரிந்ததை நீதிமன்றத்தில் சொல்வது எல்லாக் குடிமக்களுக்கும் உள்ள கடமை. விபத்தைப் பார்த்த ஓட்டுநரும், சண்டையைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரரும் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லும்போது, செய்தியாளருக்கு மட்டும் ஏன் விலக்கு? சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்பது இவர்களுக்குப் பொருந்தாதா? (சட்டக் கல்லூரி மாணவி ஒருவர்)

இந்தப் பொருளில் கேட்கக்கூடிய கேள்விகளிலேயே வலுவானது இதுதான். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972-இல் ஏறத்தாழ இதே கேள்வியைக் கேட்டுத்தான் செய்தியாளர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கென்டக்கி மாநிலத்து நாளிதழ் ஒன்றில் பணியாற்றிய பால் பிரான்ஸ்பர்க், இருவர் கஞ்சாவிலிருந்து ஹஷீஷ் தயாரிப்பதை நேரில் பார்த்து 1969-இல் எழுதினார். அவர்கள் யாரென்று சொல்வதில்லை என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்திருந்தார். வழக்குத் தொடரப் போதிய சான்று உண்டா என்று ஆராயும் குடிமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி அழைத்தபோது பெயர்களைச் சொல்ல மறுத்தார். வேறு இரண்டு செய்தியாளர்களின் வழக்குகளோடு சேர்த்து உச்ச நீதிமன்றம் அதை விசாரித்தது; ஒன்பது நீதிபதிகளில் ஐவர், கிராண்ட் ஜூரியின் முன் சாட்சி சொல்வதிலிருந்து பத்திரிகைக்காரருக்கு அரசியல் சட்டம் விலக்கு எதையும் தரவில்லை என்றனர். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பைரன் ஒயிட், தனியொருவராகத் துண்டறிக்கை வெளியிடுபவருக்கும் பெரிய பத்திரிகை நிறுவனத்துக்கும் உரிமை ஒன்றுதான் என்னும்போது, யார் செய்தியாளர் என்று நீதிமன்றம் எப்படி வரையறுக்கும் என்றும் கேட்டார். இன்று கையில் கைபேசி உள்ள ஒவ்வொருவரும் செய்தி வெளியிடும் நிலையில், அந்தக் கேள்வியின் கூர்மை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

ஆனாலும் நான் உடன்படவில்லை. சாட்சி சொல்லும் கடமைக்குச் சட்டமே பல இடங்களில் விலக்கு அளித்திருக்கிறது. வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதை வெளியிடுமாறு வழக்கறிஞரைக் கட்டாயப்படுத்த முடியாது. கணவன் மனைவிக்கிடையே நடந்த பேச்சுக்கும் பல நாடுகளில் இந்தப் பாதுகாப்பு உண்டு. இவற்றில் எதுவும் வழக்கறிஞருக்கோ வாழ்க்கைத் துணைக்கோ கொடுக்கப்பட்ட பட்டம் அன்று. வழக்கறிஞரின் வாயை அடைக்கும் உரிமை அவருடைய கட்சிக்காரருக்கு உரியது. அவர் அனுமதித்தால் வழக்கறிஞர் பேசலாம். செய்தியாளரின் மௌனத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும் என்கிறேன். அந்த மௌனம் தகவல் தந்தவருடைய சொத்து. அதைச் செய்தியாளர் வைத்திருக்கிறார், அவ்வளவுதான். விபத்தைப் பார்த்த ஓட்டுநர் தற்செயலாக அங்கே இருந்தார். அவரிடம் யாரும் நம்பி எதையும் ஒப்படைக்கவில்லை. செய்தியாளரிடம் ஒருவர் தேடி வந்து, தன் வேலையையும் சில சமயம் தன் உயிரையும் பணயம் வைத்துச் சொல்லியிருக்கிறார். அந்த வேறுபாட்டைச் சட்டம் காணாதது போல் இருந்தால், அடுத்தவர் வர மாட்டார்.

யார் செய்தியாளர் என்ற சிக்கலுக்கும் வழி இருக்கிறது. அடையாள அட்டையைப் பார்க்காமல் செய்த வேலையைப் பார்க்க வேண்டும்: பொதுமக்களுக்குத் தெரிவிக்கும் நோக்கத்தோடு தகவலைத் திரட்டினாரா, இரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்தாரா என்ற இரண்டையும் ஒரு நீதிபதியால் விசாரித்து அறிய முடியும். அதைவிடக் கடினமானவற்றை நீதிபதிகள் அன்றாடம் விசாரித்து அறிகிறார்கள்.

கேள்வி: நேர்மையானவர் பெயரைச் சொல்லியே பேசலாமே? மறைந்திருந்து சொல்பவரை நாம் ஏன் நம்ப வேண்டும்? (ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

இதற்கு என் அனுபவத்திலிருந்தே பதில் சொல்கிறேன். நான் செய்தித்துறைக்கு வந்த மூன்றாம் ஆண்டில், ஒரு பொது அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த எழுத்தர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். வாங்காத பொருள்களுக்குப் பணம் கொடுத்ததாகக் காட்டும் பட்டியல்களின் நகல்கள், ஒரு பழைய செய்தித்தாளுக்குள் மடித்து வைக்கப்பட்டு அவர் கையில் இருந்தன. பதினான்கு பக்கங்கள். மேசையில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் சட்டென்று ஒரு பக்கத்தைக் கையால் மூடினார். பட்டியலின் ஓரத்தில், கூட்டல் சரிபார்த்ததற்கு அடையாளமாகப் பச்சை மையில் சிறியதாக ஒரு குறி. நகலில் அது கறுப்பாக விழுந்திருந்தாலும், அடியில் வளைந்து வால் போல நீளும் அந்தக் குறியை அலுவலகத்தில் அவர் ஒருவர்தான் போடுவாராம். அவருடைய மேலதிகாரி அந்தத் தாளை ஒருமுறை பார்த்தால் போதும். அன்றிரவு முழுவதும் உட்கார்ந்து பதினான்கு பக்கங்களையும் என் கையால் எழுதிக்கொண்டு, விடிவதற்கு முன் நகல்களை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். செய்தி வெளிவந்த பிறகு, ஆவணத்தை ஒப்படைக்கச் சொல்லி அந்த அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது; ஒப்படைக்க எங்களிடம் எதுவும் இல்லை.

அவர் பணி ஓய்வு பெற்ற நாளில் என்னைத் தொலைபேசியில் அழைத்து, இனி தன் பெயரைப் போட்டாலும் பரவாயில்லை என்றார். நான் இன்றுவரை போடவில்லை. அவருடைய பிள்ளைகள் அதே துறையில் இருக்கிறார்கள். அந்த மனிதர் நேர்மையற்றவர் என்று யாராவது சொன்னால் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. பெயரைச் சொல்லிப் பேசியிருந்தால் அவர் ஒரு மாதத்தில் வேலையை இழந்திருப்பார். அவர் சொன்னதை நிரூபிக்கும் பட்டியல்கள் அதற்குள் காணாமல் போயிருக்கும்.

ஒரு தாளின் ஓரத்தில் இருக்கும் குறி என்ன செய்யும் என்பதற்குப் பிரிட்டனில் நடந்தது சான்று. 1983-இல் வெளியுறவு அலுவலகத்தின் இளநிலை எழுத்தரான சாரா டிஸ்டால், அமெரிக்காவின் க்ரூஸ் அணு ஏவுகணைகள் இங்கிலாந்தின் கிரீனம் காமன் விமானப் படைத் தளத்துக்கு வந்து சேர்வது பற்றிய அரசு ஆவணத்தின் நகலை 'கார்டியன்' நாளிதழுக்குப் பெயரில்லாமல் அனுப்பினார். ஆவணத்தைத் திருப்பிக் கொடுக்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. நாளிதழ் பணிந்து கொடுத்தது. தாளில் இருந்த அடையாளங்கள் எந்த நகல் இயந்திரத்தில் எடுக்கப்பட்டது என்பதைக் காட்டிக் கொடுத்தன. 1984 மார்ச்சில் அவருக்கு ஆறு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது; பத்திரிகையிலிருந்து எவரும் சிறைக்குப் போகவில்லை. அந்த நாளிதழின் மேல் எனக்குப் பெரும் மரியாதை உண்டு என்றாலும், இந்த ஒரு நிகழ்ச்சியை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. ஆவணத்தை முதல் நாளே அழித்திருந்தால் கேட்பதற்கு எதுவும் இருந்திருக்காது.

கேள்வி: ஜூடித் மில்லர் 85 நாள் சிறையில் இருந்தது ஏழை எழுத்தர் ஒருவரைக் காப்பாற்ற அன்று, அமெரிக்கத் துணை அதிபரின் வலது கையாக இருந்தவரைக் காப்பாற்ற. அதிகாரத்தில் இருப்பவர்கள் செய்தியாளரைக் கருவியாக்கி எதிரிகளைப் பழிவாங்கும்போது, அந்த இரகசியத்தையும் காக்க வேண்டுமா?

தெரியாதவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இராக் போருக்கு அமெரிக்க அரசு சொன்ன காரணங்களை முன்னாள் தூதர் ஒருவர் பகிரங்கமாக மறுத்து எழுதினார். சில நாள்களிலேயே, 2003 ஜூலையில், அவருடைய மனைவி வேலரி பிளேம் சி.ஐ.ஏ. பணியாளர் என்ற செய்தி ஒரு பத்தி எழுத்தாளரின் கட்டுரையில் வெளியானது. உளவுப் பணியாளரின் அடையாளத்தை யார் கசியவிட்டது என்று விசாரிக்கச் சிறப்பு வழக்கறிஞர் நியமிக்கப்பட்டார். 'நியூயார்க் டைம்ஸ்' செய்தியாளர் மில்லர் அது பற்றி ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. ஆனால் அதிகாரி ஒருவருடன் பேசியிருந்தார். பெயரைச் சொல்ல மறுத்ததால் 2005 ஜூலை 6 அன்று சிறைக்குப் போனார். அந்த அதிகாரியான, துணை அதிபரின் தலைமை அலுவலர் லூயிஸ் லிபி நேரடியாகவே வாக்கிலிருந்து அவரை விடுவித்த பிறகு, செப்டம்பர் 29 அன்று வெளியே வந்து சாட்சி சொன்னார். லிபி 2007-இல் பொய்ச் சாட்சியத்துக்காகவும் விசாரணைக்கு இடையூறு செய்ததற்காகவும் குற்றவாளி என்று தீர்ப்பானது. கட்டுரையாளருக்கு முதலில் தகவல் தந்தவர் வேறொரு உயர் அதிகாரி என்பதும் பின்னர் தெரியவந்தது. அவர் மீது வழக்கே இல்லை.

உங்கள் கோபம் நியாயமானது. மில்லரின் போர்க்காலச் செய்திகள் பலவும் தவறாகிப் போனவை என்பதால், அவர் சிறைக்குச் சென்றபோது சக செய்தியாளர்களே முழு மனத்தோடு அவருக்காக நிற்கவில்லை. எனக்கும் அந்த வழக்கில் மில்லர் மீது அன்பு பிறக்கவில்லை. ஆயினும் வாக்கு என்பது அதைப் பெற்றவரின் தகுதியைப் பார்த்துத் தளர்வதும் இறுகுவதுமாக இருந்தால், அடுத்த முறை என்னைத் தேடி வரும் கணக்கு எழுத்தருக்கு நான் தரும் வாக்கின் மதிப்பு என்ன? நல்லவருக்குத் தந்த வாக்கை மட்டும் காப்பேன் என்று சொல்லும் செய்தியாளரிடம், தான் நல்லவராகக் கருதப்படுவோமா என்று தெரியாத எவரும் வாய் திறக்க மாட்டார்.

தவறு நடந்தது வேறு இடத்தில். இரகசியம் காப்பேன் என்ற வாக்கை அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு இவ்வளவு எளிதாகக் கொடுத்தது தவறு. தன் பதவியை இழக்கும் அச்சம் இல்லாதவர், தனக்கு எதிராகப் பேசியவரைப் பற்றிச் செய்தி சொல்ல வரும்போது, "பெயரைப் போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்க வேண்டும்; மறுத்தால் குறிப்பேட்டை மூடிவிட வேண்டும். 'பெயர் வெளியிட விரும்பாத மூத்த அதிகாரி' என்ற சொற்றொடர் நம் நாளிதழ்களிலும் நாள்தோறும் வருகிறது. அவற்றில் பெரும்பகுதிக்கு எந்தத் தேவையும் கிடையாது. சோம்பலும் நெருக்கமும்தான் காரணம். நாம் அந்த வாக்கைச் சில்லறை போல் இறைக்கும்போது, உண்மையில் அது தேவைப்படுபவருக்காக நீதிமன்றத்தில் வாதாடும் தகுதியை இழக்கிறோம்.

கேள்வி: குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தேவையான சான்று செய்தியாளரின் குறிப்பேட்டில் இருந்தால்? அவர் தூக்குமேடைக்குப் போகலாம், செய்தியாளர் வாய் திறக்க மாட்டாரா? (வழக்கறிஞர் ஒருவர்)

இந்தக் கடிதத்தை மூன்று நாள் மேசை மேல் வைத்திருந்தேன். இங்கே எனக்கு மற்ற இடங்களில் உள்ள உறுதி இல்லை.

மைரன் ஃபார்பர் என்ற 'நியூயார்க் டைம்ஸ்' செய்தியாளர், நியூ ஜெர்சி மாநில மருத்துவமனை ஒன்றில் பத்து ஆண்டுகளுக்கு முன் நடந்த மர்மச் சாவுகளைப் பற்றி 1976-இல் எழுதினார். அதன் விளைவாக ஒரு மருத்துவர் மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. அந்த மருத்துவரின் வழக்கறிஞர், செய்தியாளரின் குறிப்புகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். ஃபார்பர் மறுத்தார். அந்த மாநிலத்தில் செய்தியாளரைப் பாதுகாக்கும் சட்டம் இருந்தும், தனக்குச் சாதகமான சாட்சியத்தைப் பெறுவதற்குக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அரசியல் சட்டம் தந்துள்ள உரிமை அதைவிட மேலானது என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. 1978-இல் ஃபார்பர் மொத்தம் 40 நாள் சிறையில் இருந்தார். நாளிதழுக்கு நாளொன்றுக்கு 5,000 டாலர் வீதம் அபராதம். குறிப்புகள் வெளிவராமலேயே மருத்துவர் விடுதலையானார். 1982-இல் மாநில ஆளுநர் ஃபார்பருக்கும் நாளிதழுக்கும் மன்னிப்பு வழங்கினார்.

விடுதலை கிடைத்துவிட்டது என்பதால் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. அந்த மருத்துவர் தண்டிக்கப்பட்டிருந்தால் இந்தப் பத்தியை நான் இவ்வளவு நிதானமாக எழுதியிருக்க முடியாது. அரசு கேட்பதும் தன் உயிருக்கு அஞ்சி நிற்கும் தனிமனிதர் கேட்பதும் ஒன்றாகா. அரசுக்குக் காவல்துறை இருக்கிறது, தேடுவதற்கு ஆள்பலமும் அதிகாரமும் இருக்கின்றன. செய்தியாளரின் குறிப்பேடு அதற்குக் குறுக்கு வழி மட்டுமே. கூண்டில் நிற்பவருக்குச் சில சமயம் வேறு வழியே இல்லாமல் போகலாம். அத்தகைய வழக்கில், நீதிபதி தன் அறையில் தனியாகக் குறிப்புகளைப் பார்த்து, உண்மையிலேயே அவரை விடுவிக்கக்கூடிய வரி இருக்கிறதா என்று அறிந்து, இருந்தால் அந்த வரியை மட்டும், தகவல் தந்தவரின் அடையாளம் தெரியாதவாறு வெளியிடச் செய்வதை என்னால் எதிர்க்க முடியவில்லை. என் தொழில் நண்பர்களில் பலர் இதைக்கூட ஏற்க மாட்டார்கள்.

இன்னொரு வழக்கும் என் உறக்கத்தைக் கெடுத்திருக்கிறது. லாஸ் அலமோஸ் அணு ஆய்வகத்தின் அறிவியலாளர் வென் ஹோ லீ, சீனாவுக்கு உளவு பார்த்தார் என்ற ஐயத்தை அதிகாரிகள் இரகசியமாகச் செய்தியாளர்களுக்குக் கசியவிட்டனர். 59 குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டு, ஒன்பது மாதம் தனிமைச் சிறையில் இருந்தார். 2000 செப்டம்பரில் ஒரே ஒரு குற்றச்சாட்டை அவர் ஒப்புக்கொண்டதும் மற்றவை கைவிடப்பட்டன. நீதிபதி திறந்த மன்றத்தில் அவரிடம் வருத்தம் தெரிவித்தார். தன்னைப் பற்றிய தகவல்களைக் கசியவிட்டது யாரென்று அறிய அவர் அரசு மீது வழக்குத் தொடுத்தபோது, செய்தியாளர்கள் பெயர் சொல்ல மறுத்தனர். நீதிமன்ற அவமதிப்புக்காக நாளொன்றுக்கு 500 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 2006-இல் அரசு தந்த தொகை போக, ஐந்து செய்தி நிறுவனங்கள் தம் பங்காக 7,50,000 டாலர் தந்து வழக்கை முடித்தன. ஒருவரின் வாழ்க்கையைச் சிதைத்த இரகசியப் பேச்சை நாம் ஏந்திச் சென்றோம் என்றால், பேசியவரின் பெயரைக் காப்பதற்கான விலையையும் நாம்தான் தர வேண்டும். அந்த விலையைச் செய்தி நிறுவனம் பணமாகக் கொடுக்கட்டும். நீதிமன்றம் அதை உயர்வாகவே நிர்ணயிக்கட்டும். அதில் எனக்கு மறுப்பு இல்லை. அதற்காக ஒருவரைப் பூட்டி வைப்பதைத்தான் மறுக்கிறேன்.

பூட்டி வைப்பதன் தன்மையையும் சொல்ல வேண்டும். இத்தகைய நீதிமன்ற அவமதிப்புச் சிறை, செய்த குற்றத்துக்கான தண்டனை அன்று. வாய் திறக்க வைக்கும் நெருக்கடி. சிறையின் சாவி கைதியின் பையிலேயே இருக்கிறது என்று அமெரிக்க நீதிமன்றங்களில் சொல்வது வழக்கம்: பெயரைச் சொன்னால் அன்றே வெளியே வரலாம். என்ன நேர்ந்தாலும் சொல்ல மாட்டார் என்று முதல் வாரத்திலேயே தெளிவாகிவிட்ட ஒருவரை மாதக்கணக்கில் உள்ளே வைத்திருக்கும்போது, அந்த நெருக்கடி தன் நோக்கத்தை இழந்து, விசாரணையும் குற்றச்சாட்டும் இல்லாத தண்டனையாகிவிடுகிறது.

கேள்வி: 'தகவல் தந்தவர் பெயரைச் சொல்ல மாட்டேன்' என்று சொல்லிக் கற்பனைச் செய்தியை எழுதினால் எப்படிக் கண்டுபிடிப்பது?

நடந்திருக்கிறது. 'வாஷிங்டன் போஸ்ட்' செய்தியாளர் ஜேனட் குக், ஹெராயின் பழக்கத்துக்கு அடிமையான எட்டு வயதுச் சிறுவனைப் பற்றி 1980-இல் எழுதினார். இரகசியம் காக்க வேண்டும் என்ற காரணத்தால் ஆசிரியர்கள் சிறுவனின் அடையாளத்தை வற்புறுத்திக் கேட்கவில்லை. 1981-இல் அதற்கு, அமெரிக்க இதழியலின் உயரிய விருதான புலிட்சர் பரிசு கிடைத்த சில நாள்களில், அப்படி ஒரு சிறுவனே இல்லை என்று தெரிந்து பரிசு திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஆகவேதான், வெளியே யாருக்கும் சொல்லாத பெயரை ஆசிரியர் ஒருவருக்கேனும் சொல்லியே தீர வேண்டும் என்று நான் பணியாற்றிய இடங்களில் வலியுறுத்தி வந்திருக்கிறேன். தகவல் தருபவரிடமும் அதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: இதில் எந்த நாட்டுச் சட்டம் சரியாக இருக்கிறது? இந்தியாவில் நிலைமை என்ன?

என் மனத்துக்கு நெருக்கமானது சுவீடன். 1766-இலேயே பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் இயற்றிய நாடு அது. இன்றுள்ள 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தகவல் தந்தவரின் பெயரை அவர் விருப்பமின்றி வெளியிடும் செய்தியாளருக்குத்தான் தண்டனை: அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை. தகவல் தந்தது யாரென்று அரசு அலுவலகங்கள் தேடிக் கண்டுபிடிப்பதற்கும் தடை உண்டு. தேசப் பாதுகாப்பு போன்ற சிலவற்றில் விலக்குகள் இருக்கின்றன. ஆனால் சிறைக்குப் போகும் அபாயம் வாக்கைக் காப்பவருக்கு அன்றி வாக்கை மீறுபவருக்கு என்று சட்டம் திருப்பி வைத்திருப்பதைக் கவனியுங்கள்.

பிரிட்டனில் 1963-இல், சோவியத் ஒன்றியத்துக்கு உளவு சொன்ன அரசு ஊழியர் வாஸலின் வழக்கு பற்றிய விசாரணை மன்றத்தில் பெயர் சொல்ல மறுத்த பிரெண்டன் மல்ஹாலந்து, ரெஜ் ஃபாஸ்டர் என்ற இரண்டு செய்தியாளர்கள் முறையே ஆறு மாதமும் மூன்று மாதமும் சிறைத்தண்டனை பெற்றனர். 1981-இல் வந்த நீதிமன்ற அவமதிப்புச் சட்டம், நீதி வழங்கல், தேசப் பாதுகாப்பு, குற்றத் தடுப்பு போன்ற காரணங்களுக்குத் தேவை என்று நிறுவப்பட்டாலன்றிப் பெயரைக் கேட்கக் கூடாது என்றது. அந்தச் சட்டம் இருந்தும், நிறுவனம் ஒன்றின் நிதி நிலை பற்றித் தகவல் தந்தவரைச் சொல்ல மறுத்த வில்லியம் குட்வின் என்ற இளம் செய்தியாளருக்கு 5,000 பவுண்டு அபராதம் விதித்தார்கள். அவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். 1996 மார்ச் 27 அன்று அந்நீதிமன்றம், தகவல் தருவோரைப் பாதுகாப்பது பத்திரிகைச் சுதந்திரத்தின் அடிப்படை நிபந்தனைகளுள் ஒன்று என்றும், அதை மீறக்கூடிய அளவுக்கு மேலோங்கிய பொதுநலத் தேவை இருந்தாலன்றிப் பெயரைக் கேட்பது நியாயமாகாது என்றும் தீர்ப்பளித்தது. ஐரோப்பாவில் இன்று அளவுகோல் அதுதான். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம் 1896-இலேயே பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. பெரும்பாலான மாநிலங்கள் பின்தொடர்ந்தன. கூட்டாட்சி அளவில் மட்டும் அப்படியொரு சட்டம் இதுவரை நிறைவேறவில்லை.

இந்தியாவில் 1978-ஆம் ஆண்டுப் பத்திரிகைக் கவுன்சில் சட்டத்தின் 15(2) பிரிவு, கவுன்சிலின் முன் நடக்கும் விசாரணையில் செய்தி எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. அந்தப் பாதுகாப்பு கவுன்சிலின் வாசலோடு முடிந்துவிடுகிறது. நீதிமன்றத்துக்கோ காவல் நிலையத்துக்கோ பொருந்தாது. சட்ட ஆணையம் 1983-இல் தன் 93-ஆவது அறிக்கையில், சாட்சியச் சட்டத்தில் இதற்கெனத் தனிப் பிரிவு சேர்க்கப் பரிந்துரைத்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பழைய சட்டமே மாற்றப்பட்டு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியம் நடைமுறைக்கு வந்தபோதும் அந்தப் பிரிவு சேரவில்லை. நல்ல வாய்ப்பு கைநழுவிப் போனது. கைபேசிகளை வேவு பார்க்கும் பெகாசஸ் மென்பொருள் பற்றிய வழக்கில் 2021 அக்டோபர் 27 அன்று உச்ச நீதிமன்றம், தகவல் தருவோரின் பாதுகாப்பு பத்திரிகைச் சுதந்திரத்தோடு பிணைந்தது என்று சொல்லியிருப்பது ஆறுதல். நீதிபதியின் நல்ல மனத்தை நம்பியிருக்காத ஒரு சட்டப் பிரிவு வேண்டும் என்று நான் கேட்பேன்.

கேள்வி: நாளை குண்டு வெடிக்கப் போகிறது என்று ஒருவர் இரகசியமாகச் சொன்னால்?

உடனே காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். நீதிமன்ற ஆணைக்குக் காத்திருக்கக் கூடாது. இனி நடக்கவிருக்கும் கொலையை மறைக்க எந்தச் செய்தியாளரும் வாக்குக் கொடுக்க முடியாது. நான் அறிந்தவரை, சிறைக்குப் போன செய்தியாளர்களின் வழக்குகள் இந்த வகையைச் சேர்ந்தவை அல்ல.

கேள்வி: இப்போதெல்லாம் கைபேசியை எடுத்துப் பார்த்தாலே போதுமே, சிறை எதற்கு?

உண்மைதான், அதனால்தான் ஆபத்து கூடியிருக்கிறது. 2013-இல் அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம், 'அசோசியேட்டட் பிரஸ்' செய்தி நிறுவனத்தின் இருபதுக்கும் மேற்பட்ட தொலைபேசி இணைப்புகளின் இரண்டு மாத அழைப்புப் பதிவுகளை, நிறுவனத்துக்கு முன்னறிவிப்பு இல்லாமல் எடுத்துக்கொண்டது தெரியவந்தது. அழைப்பாணை அனுப்பினால் மறுக்கவாவது முடியும். இதில் மறுக்க ஆள் இல்லை. செய்தியாளர்களின் கருவிகளைக் கைப்பற்றுவது கவலைக்குரியது, அதற்கு வழிகாட்டு நெறிகள் வேண்டும் என்று 2023 நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றமும் கூறியது. கைபேசியைப் பறிப்பதற்கும், பெயரைச் சொல்லுமாறு கூண்டில் நிறுத்துவதற்கும் ஒரே அளவுகோல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்வாசலில் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான்.

கேள்வி: நான் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே நடக்கும் முறைகேடு ஒன்றுக்கான தாள்கள் என்னிடம் இருக்கின்றன. செய்தியாளர் ஒருவரிடம் கொடுக்கலாமா? அவர் கடைசி வரை என் பெயரைக் காப்பார் என்று எப்படி நம்புவது? (பெயர் வேண்டாம்)

உங்கள் கடிதத்தைப் படித்ததும் உறையோடு சேர்த்துக் கிழித்துவிட்டேன். கேள்வியின் சொற்களையும் மாற்றியிருக்கிறேன்.

வாக்குக் கொடுத்த செய்தியாளர் காப்பாற்ற முயன்றும் அவருடைய மேலிடம் மீறிவிடுவது உண்டு. மின்னசோட்டா மாநிலத் தேர்தல் ஒன்றின்போது, 1982-இல், டேன் கோஹன் என்பவர் எதிர்க்கட்சி வேட்பாளரைப் பற்றிய தகவலை இரகசிய வாக்குப் பெற்றுக்கொண்டு செய்தியாளர்களிடம் தந்தார். இரண்டு நாளிதழ்களின் ஆசிரியர்கள் அந்த வாக்கை மீறி அவர் பெயரை அச்சிட்டனர். அன்றே அவர் வேலை போயிற்று. வாக்கை மீறியதற்கு இழப்பீடு கேட்க அவருக்கு உரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-இல் சொன்னது. ஒன்பது ஆண்டு கழித்து.

ஆகவே முதல் சந்திப்பில் தாளைக் கொண்டுபோகாதீர்கள். அலுவலகத் தொலைபேசியும் அலுவலகக் கணினியும் வேண்டாம். உங்கள் கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அவரிடம் முதலில் நீங்கள் கேள்வி கேளுங்கள். பெயர் வேறு யாருக்குத் தெரியும்? ஆசிரியரும் இந்த வாக்குக்குக் கட்டுப்பட்டவரா? தாள்களை எங்கே வைப்பார், எப்போது அழிப்பார்? நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்தால் என்ன செய்வார்? கடைசிக் கேள்விக்கு அவர் சொல்லும் பதிலைவிட, சொல்வதற்கு முன் எவ்வளவு நேரம் யோசிக்கிறார் என்பதைப் பாருங்கள். யோசிக்காமல் "அதெல்லாம் ஒன்றும் வராது, கவலைப்படாதீர்கள்" என்று சொல்பவர் அந்த நாளைப் பற்றி இதுவரை நினைத்தே பார்க்காதவர். அவரிடம் கொடுக்காதீர்கள். சிறிது நேரம் பேசாமல் இருந்து, பிறகு வழக்கறிஞரைப் பற்றியும் தன் வீட்டாரைப் பற்றியும் பேசத் தொடங்குபவராக இருந்தால், இரண்டாம் சந்திப்புக்கு நாள் குறித்துக்கொண்டு வாருங்கள். தாள்களின் ஓரங்களையும் ஒருமுறை நன்றாகப் பார்த்துவிடுங்கள்.